இந்தச் சக்கரம் யாருடையது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கார்ச் சக்கரத் திருட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். வகுப்பே சிரித்தது. "டவுன் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிறவனுக்குக் கார்ச் சக்கரத்தைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்டான் நண்பன் ஒருவன். நியாயமான கேள்விதான். நம் கல்லூரி வாசலில் நிற்கும் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்; அவையும் பேராசிரியர்களுடையவை.

ஆனால் நண்பர்களே, கார் என்றால் பணக்காரர் பொருள் என்ற எண்ணம் பழைய காலத்தது. அருப்புக்கோட்டையிலும் பந்தல்குடியிலும் திருச்சுழியிலும் நரிக்குடியிலும், நாலைந்து கை மாறி வந்த பழைய கார் ஒன்றைக் கடனுக்கு வாங்கி, அதை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர். நம்முடையது மானாவாரிப் பூமி. மழை பெய்தால் மிளகாய், மல்லி, பருத்தி. பொய்த்தால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். வானத்தை அண்ணாந்து பார்க்காத தொழில் ஒன்று வேண்டும் என்று நினைக்கிறவன் வண்டி வாங்குகிறான். அப்படி வாங்கியவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர்.

2024ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள். சிறுநீரகக் கோளாறுக்காக வாரம் இருமுறை மதுரைக்குச் சென்று டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவரை ஏற்றிக்கொண்டு போக, சித்தப்பா விடியற்காலை நாலரை மணிக்கு டார்ச் விளக்குடன் வெளியே போனார். போன வேகத்தில் திரும்பி வந்து, "வண்டி கல்லுல நிக்குதுடா" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். தெருவைப் பார்த்திருந்த இடப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் இல்லை. அடியில் இரண்டு கருங்கற்கள். அவையும் எங்கள் வீட்டு வாசலில் கிடந்த கற்கள்தாம்! வலப்பக்கம் சுவரை ஒட்டி நின்றதால் அந்த இரண்டும் பிழைத்தன. டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது. ஆனால் இருந்தது ஒன்று, போனது இரண்டு. பெரியவர் வேறு காரில் போனார். அடுத்த வாரமும் அதே காரில் போனார். கையைவிட்டுப் போன சவாரி திரும்பி வருவது அவ்வளவு எளிதல்ல என்பது தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

புகார் கொடுக்கச் சொன்னேன். "ரெண்டு வீலுக்காக ஸ்டேஷனுக்கு அலையவா, வண்டியைக் கெளப்பிக் கடனைக் கட்டவா?" என்றார் சித்தப்பா. இன்சூரன்ஸ் உண்டே என்று கேட்டேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பலரைப் போல அவரும் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே எடுத்திருந்தார். நம் வண்டி மோதி இன்னொருவருக்கு நேரும் சேதத்துக்கு அது பணம் தரும். நம் சக்கரத்துக்கு ஒரு காசும் தராது. ஆக, இந்தத் திருட்டு எந்தக் காவல் நிலையத்துப் பதிவேட்டிலும் இல்லை, எந்தக் காப்பீட்டுக் கணக்கிலும் இல்லை. எங்கள் தெருவில் மட்டும் இருந்தது.

திருடனுக்கு இது எவ்வளவு எளிது என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் கணக்கிட்டுப் பார்த்தேன். சிறிய காரின் சக்கர நட்டு ஒன்றை முறுக்கத் தேவைப்படும் திருப்புவிசை ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். ஸ்பானரின் கை 40 சென்டிமீட்டர் என்றால், அதன் நுனியில் 25 கிலோ எடையை வைத்து அழுத்தினால் போதும். ஒரு சிறுவன் காலை ஊன்றி மிதித்தாலே நட்டு இளகிவிடும். சக்கரத்துக்கு நான்கு நட்டு, ஒரு ஜாக்கி, இரண்டு கல். ஆர்க்கிமிடீஸ் கண்ட நெம்புகோல் தத்துவம் வேலை செய்வதில் நல்லவன் கெட்டவன் என்று பார்ப்பதில்லை.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. லாக் நட் என்று ஒன்று விற்கிறது. அதன் தலை அறுகோணமாக இராது; வளைந்து நெளிந்த பள்ளம் ஒன்று வெட்டப்பட்டிருக்கும். அந்தப் பள்ளத்துக்கு இணையான சாவி இருந்தால்தான் கழற்ற முடியும். சக்கரத்துக்கு ஒன்று வீதம் நான்கு இருந்தால் போதும். (சாவியை வண்டியிலேயே ஒளித்து வைக்க வேண்டும். வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு நடுவழியில் பஞ்சர் ஆகி நின்ற ஒருவரின் கதையைப் பஞ்சர்க் கடை அண்ணன் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.) வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் ஸ்பானரின் கை சுழல இடமிருக்காது. வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் வண்டியென்றால் சங்கிலி போட்டுப் பூட்டலாம். இவற்றை விட முக்கியம், காலையில் வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்ப்பது. ஆள் வரும் சத்தம் கேட்டுத் திருடன் பாதியில் ஓடியிருந்தால் சக்கரம் இருக்கும், நட்டு இளகியிருக்கும். அதை அறியாமல் நான்குவழிச் சாலையில் ஏறினால் போவது சக்கரம் மட்டுமல்ல.

ஆனால் பூட்டைப் பற்றிச் சொல்வதற்காக நான் இதை எழுத வரவில்லை. லாக் நட்டையும் சம்மட்டியால் அடித்துக் கழற்றுகிறவன் உண்டு.

என் தாத்தா வண்டிக்காரர். பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு போகும்போது இரவு வழியில் தங்க நேர்ந்தால், மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, கடையாணியைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு படுப்பாராம். கடையாணி இல்லாத வண்டியை ஓட்டினால் நாலு சுற்றுக்குள் சக்கரம் அச்சைவிட்டுக் கழன்றுவிடும். பூட்டில்லாத காலத்துப் பூட்டு அது. "சக்கரத்தையே கழட்டிக்கிட்டுப் போயிட்டா?" என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார். "கொண்டுபோயி எந்த வண்டியில மாட்டுவான்? ஆசாரி கண்ணுல பட்டா இது யாரு வீட்டுச் சக்கரம்னு சொல்லிப்புடுவாரே!" என்றார்.

இந்தப் பதிலை அப்போது நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். குடமும் ஆரக்காலும் வட்டையும் ஒரு கை செய்தவை. குறிப்பிட்ட அச்சுக்கென்று இழைத்தவை. அந்தச் சக்கரத்துக்கு ஒரு முகம் இருந்தது. தொழிற்சாலையில் வார்த்த சக்கரத்துக்கு முகம் இல்லை. ஒரே மாதிரிக் காரின் எந்தச் சக்கரமும் இன்னொன்றில் பொருந்தும். பொருந்துவதுதான் அதன் பெருமை. பொருந்துவதால்தான் அது திருடு போகிறது.

மாற்றுச் சக்கரம் வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழையது. உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் உவமையாக்கிப் பாடியிருக்கிறார். மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்ற முன்யோசனை! அந்த முன்யோசனை காருக்கு வந்தது 1904இல். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் டேவிஸ் சகோதரர்கள் செய்த மாற்றுச் சக்கரம் அது; அவர்கள் கடை இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயரே அதற்கு வந்தது. அந்தத் தெருவை அறியாத நம் ஓட்டுநர்கள் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். யாருடைய காருக்கும் பொருந்தும் சக்கரம் என்ற வசதி நம் கைக்கு வந்தது இப்படித்தான்.

கதைக்கு வருகிறேன். சித்தப்பாவுக்கு ஒரு சக்கரம் வேண்டும். புதிதாக வாங்கப் பணமில்லை. மதுரையில் பழைய டயர் விற்கும் கடை ஒன்றுக்கு நானும் உடன் போனேன். டிஸ்க்கோடு சேர்த்து 1,800 ரூபாய் சொன்னார்கள். "பில்லு வேணும்னா சொல்லுங்க அண்ணாச்சி, வெல வேற" என்றார் கடைக்காரர். சித்தப்பா வேண்டாம் என்றார். எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. வரும் வழியில் டீ கூடக் குடித்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது அந்தச் சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க்கின் உட்புறத்தில் சேற்றுக்கடியில் சிவப்புப் பெயிண்டு. துடைத்துப் பார்த்தால் ஓர் எழுத்தும் நான்கு எண்களும். வண்டி எண்ணின் கடைசிப் பகுதியை யாரோ தூரிகையால் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படி எழுதி வைப்பவர் பெரிய பணக்காரராக இருக்க முடியாது. சக்கரம் போய்விடுமோ என்று பயந்த ஒருவர். என் சித்தப்பாவைப் போல ஒருவர். முகமில்லாத சக்கரத்துக்கு ஒரு முகம் எழுதினார். அதைப் பார்க்க வேண்டிய இடத்தில் யாரும் பார்க்கவில்லை. கடைக்காரர் பார்க்கவில்லை; நாங்களும் பார்க்கவில்லை.

ஒருவேளை அவரே அதை விற்றிருக்கலாம். சித்தப்பா அப்படித்தான் சொன்னார். "காசு குடுத்துத்தானடா வாங்குனோம்?" என்றும் சொன்னார். விற்றவர் ஏன் பில் கொடுக்கத் தயங்க வேண்டும் என்ற என் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை.

சட்டம் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவின்படி திருடனுக்கு மூன்றாண்டு வரை சிறை. (திருடு போனது ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் குற்றமாகவும் இருந்து, பொருளைத் திருப்பித் தந்துவிட்டால் சமூக சேவை.) 317ஆம் பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்குகிறவனுக்கும் அதே மூன்றாண்டு வரை சிறை. 1860ஆம் ஆண்டின் பழைய தண்டனைச் சட்டத்திலும் இருவருக்கும் இதே அளவுதான். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக, எடுப்பவனையும் வாங்குபவனையும் சட்டம் ஒரே தட்டில் வைத்திருக்கிறது. நாம்தான் ஒருவனைத் திருடன் என்றும் மற்றவனைச் சிக்கனக்காரன் என்றும் சொல்லிக்கொள்கிறோம்.

என் கருத்து இதுதான்: பழைய டயரும் டிஸ்க்கும் வாங்கி விற்கும் கடைகள், கொண்டுவருபவரின் பெயர், தொலைபேசி எண், சக்கரத்தில் உள்ள குறி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதியாக வேண்டும். பில் இல்லாமல் விற்கக் கூடாது. இது நடக்காத காரியமல்ல. ஒரு கிராம் தோட்டை அடகு வைக்கப் போனாலும் கடைக்காரர் கணக்கில் எழுதி ரசீது தருகிறாரே, அது 1943ஆம் ஆண்டு அடகுக் கடைச் சட்டம் செய்த வேலை. இங்கிலாந்தில் இருப்புப்பாதைக் கம்பிகளையும் செப்புத் தகடுகளையும் அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தவர்கள், 2012 டிசம்பரில் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதைத் தடை செய்தார்கள். 2013இல் வியாபாரிகளுக்கு உரிமமும், விற்பவரின் அடையாளச் சோதனையும் வேண்டும் என்று தனிச்சட்டம் செய்தார்கள். திருட்டு குறைந்தது. அவர்கள் திருடனைத் துரத்தியதோடு நிற்கவில்லை. அவன் போய் நிற்கும் கடையையும் கவனித்தார்கள்.

பழைய டயர்க் கடைக்காரர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள் என்பதை மறுப்பதற்கில்லை. நோட்டு வைத்தால் அவர்களுக்குத்தான் நல்லது. தெருவுக்குத் தெரு கேமரா வைக்கலாமே என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். வைக்கலாம். கேமரா கடைவீதிக்கு வரும். எங்கள் தெருவுக்குத் தெருவிளக்கே சென்ற ஆண்டுதான் வந்தது. அதுவுமின்றி, நான்குவழிச் சாலையில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மதுரை. கேமராவில் தெரிவது துண்டு கட்டிய முகமாகத்தான் இருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பருவத் தேர்வுக் கட்டணத்தைச் சித்தப்பாதான் கட்டினார். அந்தக் கார் ஓடி வந்த பணம். அந்தச் சக்கரமும்தானே ஓடியது? எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். ஊரில் யாராவது "படிச்ச புள்ள நீ சொல்லுப்பா" என்று எதையாவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அந்த எழுத்தையும் நான்கு எண்களையும் என் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். டாக்சி ஸ்டாண்டைக் கடக்கும்போதெல்லாம் நம்பர் பிளேட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். இதுவரை அகப்படவில்லை.

பொங்கல் விடுமுறையில் எங்கள் வண்டியின் சக்கரங்களில் எங்கள் எண்ணை எழுதினேன். சித்தப்பாதான் பெயிண்டு வாங்கி வந்தார். மூன்று சக்கரத்திலும் ஸ்டெப்னியிலும் எழுதி முடித்துவிட்டு, மீதமிருந்த அந்த ஒரு சக்கரத்தின் முன் தூரிகையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, "அத விட்ரு" என்றார்.