கழுத்துப் பட்டையும் மணியும்



உங்கள் வீட்டிலே பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டில் படிக்கிற பிள்ளை இருக்குமானால், ‘பிராஜெக்ட்’ என்கிற சொல் உங்கள் காதுகளில் விழாமல் இராது. பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்து, வாடகை வீட்டில் குடியிருந்து, கடன் வாங்கிக் கட்டணம் செலுத்துகிற தகப்பனுக்கு அந்தச் சொல்லின் பொருள் முழுவதும் விளங்குவதில்லை. அதற்குப் பணம் வேண்டும் என்பது மாத்திரம் விளங்கும். அந்தப் பணம் எங்கே போகிறதென்று நீங்கள் கேட்டதுண்டா? ஆயத்தமாகச் செய்துவைத்த பிராஜெக்டுகளை விற்கிற கடைகள் நம்முடைய பெருநகரங்களில் உண்டு. கருவியும் தருவார்கள், அறிக்கையும் அச்சடித்துத் தருவார்கள், தேர்வாளர் கேட்கப்போகிற கேள்விகளுக்குப் பதிலும் சொல்லித் தருவார்கள். நான்கு ஆண்டுகள் படித்ததற்குச் சாட்சியாக நிற்கவேண்டிய வேலையைப் பிள்ளை ஒரு மாலைப்பொழுதில் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறான்.

இங்கே பூனாவில் எங்கள் சபையைச் சேர்ந்த வாலிபன் ஒருவன் சென்ற ஆண்டு அப்படிப்பட்ட கடை ஒன்றின் வாசல்வரைக்கும் போய், திரும்பி வந்தான். அவனும் அவன் தோழர் மூவரும் தாங்களே செய்யத் துணிந்த காரியத்தைக் குறித்து இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். மேய்கிற ஆடுமாடுகளின் கழுத்தில் கட்டி, அவை இருக்கும் இடத்தை அறிவிக்கிற ஜி.பி.எஸ். பட்டைதான் அது. “பாஸ்டர், நீங்கள் சிறுவயதில் ஆடு மேய்த்தவராமே, கொஞ்சம் சொல்லுங்கள்” என்று அவன் என்னிடத்தில் வந்தான். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அவன் வாயிலாக நான் கற்றுக்கொண்டது அதிகம்.

பிறன் வயலில் ஆடுமாடு இறங்குவது மிகப் பழைய வழக்கு. மோசேயின் நியாயப்பிரமாணத்திலே அதற்கு ஈடு செலுத்தும்படியான கட்டளை உண்டு. வழிதப்பின மாட்டை, அது பகைஞனுடையதாயிருந்தாலும், திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும் என்ற கட்டளையும் உண்டு. நம் தேசத்திலே வெள்ளையர் 1871ஆம் ஆண்டில் கால்நடை அத்துமீறல் சட்டம் கொண்டுவந்தார்கள். பயிரை மேய்ந்த மாட்டைப் பவுண்டில் அடைத்துத் தண்டம் வாங்குகிற வழக்கம் அதிலிருந்து நமக்குப் பழக்கமானது. கிராமத்தில் வளர்ந்தவர்கள் அந்தப் பவுண்டையும், மாட்டை மீட்கப் பணமில்லாமல் அதன் வாசலில் நின்ற பெரியவர்களையும் மறந்திருக்கமாட்டீர்கள்.

வேலி போடுவதற்குச் செலவு மிகுதி. ஆகவே கம்பியில்லாத வேலி ஒன்று உண்டாகுமா என்று அநேகர் யோசித்தார்கள். அதற்கு வழி திறந்தது வானத்திலிருந்துதான். அமெரிக்கா 1978 முதல் விண்ணில் ஏற்றத் தொடங்கின ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நம்மைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தின் நேரத்தை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தது நான்கு கோள்களின் சைகை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு, கையிலுள்ள கருவி தன் இடத்தை அறிந்துகொள்ளுகிறது. அந்தக் கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிழை வரும். 2000ஆம் ஆண்டு மே மாதம்வரைக்கும் பொதுமக்களுக்குக் கிடைத்த சைகையை அமெரிக்க அரசாங்கம் வேண்டுமென்றே கலங்கலாக வைத்திருந்தது. 100 மீட்டர் வரையில் பிழை வரும். ஆடு நம் வயலிலா, அடுத்தவன் வயலிலா என்று அதைக்கொண்டு எப்படிச் சொல்லமுடியும்? அந்தக் கலக்கம் நீக்கப்பட்ட பின்புதான் இந்தப் பட்டைகளைக் குறித்த முயற்சிகள் சூடுபிடித்தன.

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பேராசிரியை டேனியலா ரூஸ் அவர்களும் அவரோடு சேர்ந்தவர்களும் வெர்மான்ட் மாநிலத்துப் பண்ணை ஒன்றின் பசுக்களுக்கு இப்படிப்பட்ட பட்டை கட்டிப் பார்த்து, 2004இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கைக்கணினி ஒன்று, ஜி.பி.எஸ். கருவி ஒன்று, ஒலிபெருக்கி ஒன்று, எல்லாம் சேர்ந்து பசுவின் கழுத்தில். பசு எல்லையை நெருங்கினால் அதைத் திடுக்கிடச் செய்கிற சத்தம் கேட்கும். நியூசிலாந்தில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்து ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த கிரேக் பிகாட் என்பவர் 2016இல் ஹால்டர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே பண்ணைக்காரர் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் கோடு வரைந்து பசுக்களை மேய்ச்சலுக்கும் பால் கறக்கிற இடத்துக்கும் நடத்துகிறார். நார்வே தேசத்தில் நோஃபென்ஸ் என்ற நிறுவனம் வெள்ளாடுகளில் தொடங்கிப் பின்பு மாடுகளுக்கும் செம்மறிகளுக்கும் பட்டை செய்கிறது.

இவற்றில் ஒரு காரியத்தைக் கவனிக்கவேண்டும். எல்லையை நெருங்கின ஆட்டுக்கு முதலாவது சத்தம் கேட்கிறது. அது முன்னே போகப்போக அந்தச் சத்தம் உயர்ந்துகொண்டே போகிறது. அதையும் மீறினால்தான் சிறிய மின்னதிர்வு. ஆடு திரும்பிவிட்டால் உடனே எல்லாம் அடங்கிவிடும். நோஃபென்ஸ் பட்டையில் மூன்று அதிர்வுக்குப் பின்னும் ஆடு போய்விட்டால் கருவி அதை வாதிப்பதை நிறுத்திவிட்டு, தப்பிப் போயிற்று என்று உடையவனுக்குச் செய்தி அனுப்புகிறது. தப்பிப் போன ஆடு திரும்ப உள்ளே வரும்போது அதிர்வு கிடையாது. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள்! வருகிறவனை வாசலில் அடிக்கிற வீட்டுக்கு எவன் திரும்புவான்? ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சியாளர்கள் இதை இரண்டு கேள்விகளாக வைக்கிறார்கள்: வரப்போவதை அந்தப் பிராணி முன்னறிய முடிகிறதா? தன் செய்கையினால் அதைத் தவிர்க்க முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்ற பதில் இருக்குமானால் அது கற்றுக்கொள்ளும். பிறகு பெரும்பாலும் சத்தத்துக்கே திரும்பிவிடும். எப்பொழுது, எதற்காக வருகிறதென்று அறியக்கூடாத அதிர்வோ வெறும் வாதைதான். (பிள்ளைகளின் கைப்பேசியில் இப்படிப்பட்ட வேலியைப் போட்டிருக்கிற பெற்றோர் நம்மில் உண்டு. அதைக் குறித்து வேறொரு மாதம் பேசுவோம்.)

நம்முடைய வாலிபர்களும் முதலில் மின்னதிர்வு வைக்கத்தான் ஆசைப்பட்டார்கள். வேண்டாம் என்று நான் கண்டிப்பாய்ச் சொன்னேன். மேலைநாட்டில் ஆண்டுக்கணக்காய்ச் சோதித்து, அதிகாரிகளின் கண்காணிப்பில் செய்கிறதை, விடுதி அறையில் நான்கு மாதத்தில் செய்து வாயில்லாப் பிராணியின் கழுத்தில் கட்டக்கூடாது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960 முதல் நம் தேசத்தில் இருக்கிறதையும் நினைப்பூட்டினேன். ஆகவே இடத்தை அறிவிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதுவே அவர்களைப் போதுமான அளவுக்குப் பாடுபடுத்தியது.

மேசையின்மேல் எல்லாம் நன்றாய் ஓடியது. வெளியே கொண்டுபோனபோது மின்கலம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. கணக்கைப் பாருங்கள்: அவர்கள் வாங்கின ஜி.பி.எஸ். சில்லு ஓயாமல் ஓடினால் ஏறத்தாழ 45 மில்லியாம்பியர் குடிக்கும். 2,000 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலம் அதற்கே 44 மணி நேரத்தில் தீர்ந்துபோம். செய்தி அனுப்புகிற சிம் கருவியோ, அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சிறிய மின்கலம் அதைத் தாங்கமாட்டாமல் ஒவ்வொரு முறையும் கருவி அணைந்து அணைந்து எரிந்தது. மேலும் அது 2ஜி கருவி. நான்கு பேரில் ஒருவன் தன் ஜியோ சிம்மைப் போட்டுவிட்டு, செய்தி வரவில்லையே என்று ஒரு நாள் முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டான். ஜியோவில் 2ஜி கிடையாது! சபைக்கு அருகில் ஒரு தாயார் வளர்க்கிற வெள்ளாட்டை முளையில் கட்டிப் பட்டையை மாட்டினார்கள். கட்டின ஆடு கட்டினபடியே படுத்து அசைபோட்டது. கணினியின் வரைபடத்திலோ அது தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போய்வந்துகொண்டிருந்தது. சில மீட்டர் பிழை என்பதன் பொருள் அன்றைக்குத்தான் அவர்களுக்கு விளங்கிற்று. சாலை ஓரத்திலேயே எல்லைக்கோடு வரைந்தால் எச்சரிப்பு வருமுன் ஆடு லாரியின்கீழ் போய்விடும்.

ஒன்றொன்றாய்ச் சரிசெய்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் விழித்து இடத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கும்படி பட்டைக்குக் கட்டளை எழுதினார்கள். சிம்மைப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டு, உரிமம் வேண்டாத 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிற லோரா வானொலிச் சில்லை வைத்தார்கள். அது மிகக் குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் பேசும். கூடாரத்திலிருக்கிற ஒரே பெட்டிதான் சிம் வைத்திருக்கும், அதுவே மேய்ப்பனின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும்.

அப்பொழுதும் ஒரு குறை நின்றது. ஆடு தலையைத் தாழ்த்தி மேயும்போது பட்டை சுழன்று, ஆண்டெனா தரையைப் பார்த்துக்கொள்ளும். வானத்தைப் பாராத ஆண்டெனா கோள்களைக் காணாது. பட்டையை இறுக்கிக் கட்டலாமே என்றான் ஒருவன். 2023இன் மழைக்காலத்தில் மத்தியப் பிரதேசத்துக் குனோ பூங்காவில் சிவிங்கிப்புலிகள் சிலவற்றுக்குக் கழுத்துப் பட்டையின்கீழ் புண்ணும் புழுவும் காணப்பட்டு, பட்டையைக் கழற்றவேண்டி வந்ததை அவனுக்குச் சொன்னேன். கம்பளி மூடின செம்மறியின் கழுத்தில் புண் உண்டானால் வெளியே தெரியக்கூட மாட்டாது.

தீபாவளிக்குப் பின்பு இந்தப் பக்கத்திலே தங்கர் மேய்ப்பர்கள் வருவார்கள். மேட்டுநிலத்து வறண்ட கிராமங்களிலிருந்து, குதிரைகளின்மேல் வீட்டுப்பொருள்களை ஏற்றிக்கொண்டு, மந்தையை ஓட்டிக் கொங்கணக் கரைக்கு இறங்கி, மழைக்கு முன்னே திரும்புகிறவர்கள். வழியில் அறுவடையான நிலங்களில் இராத்தங்கி எருவுக்காக மந்தையை அடைப்பார்கள். நம் தென்மாவட்டங்களில் கிடை போடுகிறதற்கு ஒப்பானது அது. பட்டையை எடுத்துக்கொண்டு அவர்களிடத்தில் போங்கள் என்றேன். நானும் கூடப் போனேன், எனக்கும் மராத்தி ஓரளவுக்கு வரும்.

கூடாரத்துப் பெரியவர் பட்டையைக் கையில் வாங்கி எடைபார்த்தார். விலை கேட்டார். மூவாயிரம் ரூபாய்க்கு மேல் என்றபோது சிரித்தார். அவருக்கு ஏறக்குறைய இருநூறு உருப்படிகள்! எல்லாவற்றுக்கும் எதற்கு, முன்னே போகிற வெள்ளாடு இரண்டுக்கும், எப்பொழுதும் பின்தங்குகிற கிழட்டு ஆடு ஒன்றுக்கும் கட்டினால் நடுவிலிருப்பவை எங்கே போகும் என்று அவரே வழி சொன்னார். திருடனைக் குறித்துப் பையன்கள் பெருமையாய்ப் பேசினார்கள். இராத்திரியில் வண்டி கொண்டுவந்து ஆடு தூக்குகிறவன் முதலாவது இதைத்தான் அறுத்து எறிவான் என்றார். அறுத்தவுடனே செய்தி போகும்படி பட்டையின் தோலுக்குள் மெல்லிய கம்பி ஒன்றை ஓட்டுவது என்று அங்கேயே தீர்மானமாயிற்று.

பின்பு அவர் ஒரு கேள்வி கேட்டார். “இந்தப் படத்தை வேறே யார் பார்ப்பார்கள்?” பையன்களுக்குப் புரியவில்லை. எனக்குச் சட்டென்று புரிந்தது. காட்டிலாகாவின் எல்லைக்கும் ஊராரின் தரிசுக்கும் நடுவே, இன்ன இடத்தில் மேய்க்கலாம் என்ற எழுத்தில்லாமல், வாய்ச்சொல்லையும் பழக்கத்தையும் நம்பி நடக்கிறவர்கள் அவர்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மந்தையின் இடத்தைக் குறித்துவைக்கிற ஏடு, அதைக் கையில் வைத்திருப்பவன் யாரென்பதைப் பொறுத்து அவருக்குத் துணையுமாகும், அவருக்கு விரோதமான சாட்சியுமாகும். பையன்களோ எல்லாவற்றையும் எங்கேயோ இருக்கிற இலவசக் கணினியில், கண்டவர் காணும்படி சேர்த்துவைத்திருந்தார்கள். அதைச் சொல்லும்போது எங்கள் சபையின் வாலிபன் முகம் வாடிப்போயிற்று. அடுத்த வாரமே அதை அழித்துவிட்டார்கள். இப்பொழுது செய்தி மேய்ப்பனுடைய கைப்பேசிக்கு மாத்திரம் போகிறது, வேறெங்கும் தங்குகிறதில்லை. வரைபடம் அழகாயிருந்ததே, அதைக் காட்டினால் மதிப்பெண் கூடுமே என்று தோழன் ஒருவனுக்கு வருத்தம்தான்.

புறப்படும் நேரத்தில் முன்னோடும் வெள்ளாட்டைப் பிடித்துவந்தார்கள். அதன் கழுத்தில் கிடந்த வெண்கல மணியைப் பையன் அவிழ்க்கப்போனான். பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பெட்டியைக் கட்டு, மணியை எடுக்காதே என்றார். இருட்டில் படுத்தபடியே எந்த ஆடு எழுந்தது, எது மிரண்டது என்று மணியினால்தான் அவருக்குத் தெரியும். அதற்கு மின்கலமும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். இரண்டையும் ஒரே பட்டையில் கட்டவேண்டியதாயிற்று. பெட்டி மேலே, பிடரியின்மேல். மணியும் மின்கலமும் கீழே, தொண்டைக்கு அடியில். ஆடு குனிந்தது, மேய்ந்தது, தலையை உதறிக்கொண்டு ஓடியது. மணியின் பாரம் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டதினால் பட்டை சுழலவில்லை. தளர்வாய்த்தான் கட்டியிருந்தது. ஆண்டெனா வானத்தைப் பார்த்தபடியே இருந்தது.