மூச்சுக்கும் பூணூலா?

மூச்சை அடக்கு, முக்தி கிட்டும் என்றனர் அன்று. மூச்சை அடக்கு, நோயே அண்டாது என்கின்றனர் இன்று. முக்தி கண்டு திரும்பியவர் எவருமிலர். ஆகவே அந்தச் சரக்கைச் சோதிக்க வழியில்லை. நோய் அப்படியன்று. சோதிக்கலாம், சோதித்துமிருக்கின்றனர்.

2001-ஆம் ஆண்டு, இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் அவர்தம் குழுவினரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கத்தோலிக்கரின் ஜெபமாலையை இலத்தீனில் ஓதச் செய்தனர். யோகியரின் மந்திரத்தையும் ஓதச் செய்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முறையாகத் தணிந்தது. இரண்டிலும் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் ஒரே பாங்கில் சீர்ப்பட்டது. மேரிக்கும் மந்திரத்திற்கும் வேறுபாடு காட்டவில்லை இதயம்!

மூச்சை இழுக்கையில் துடிப்பு விரைகிறது, விடுகையில் தணிகிறது. மெல்ல, நீள விட்டால், மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு துடிப்பை அமர்த்துகிறது, பதற்றம் குறைகிறது, உயர்ந்த இரத்த அழுத்தமும் சிறிதளவு இறங்கக்கூடும். இந்த நன்மையை நாம் மறுக்கவில்லை, தோழர்களே! தேர்வுக்கு முன் கை நடுங்கும் மாணவன் 5 நிமிடம் நிதானமாக மூச்சுவிட்டுப் பார்க்கட்டும். அதற்கு மான்தோலும் வேண்டா, மகானும் வேண்டா.

ஆனால், ‘உடலில் பிராணவாயு பெருகுகிறது’ என்கின்றனரே! நலமுள்ள மனிதனின் குருதி, அவன் சும்மா இருக்கையிலேயே 100-க்கு 95 பங்குக்குமேல் பிராணவாயு ஏற்றிருக்கிறது. நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது? மூச்சை வேகவேகமாக இறைத்தால் கரியமிலவாயுதான் மிகுதியாய் வெளியேறும். மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். இதைத்தான் குண்டலினி விழித்தது என்று கொண்டாடுகிறார் குருநாதர்!

குறைவாக மூச்சுவிடும் ஆமை நெடுநாள் வாழ்கிறதே என்பர். குதிரையும் ஓய்வில் நம்மைவிடக் குறைவாகவே மூச்சுவிடுகிறது. 30 ஆண்டுக்குள் மாண்டும் போகிறது. ஆமையைக் காட்டுவோர் லாயத்தின் பக்கம் திரும்புவதேயில்லை.

2021-ஆம் ஆண்டு, காயத்ரி மந்திரமும் பிராணாயாமமும் கொரோனா நோயாளிக்குப் பயன்தருமா என ரிஷிகேசத்து எய்ம்ஸ் மருத்துவமனையில் ஆய்ந்தனர். பணம் ஒன்றிய அரசின் அறிவியல் துறையினது! சூத்திரன் செவியில் விழலாகாது என்று பொத்திக் காத்த மந்திரத்திற்குச் சூத்திரனின் வரிப்பணம் மட்டும் தீட்டில்லை போலும். அவ்வாண்டு ஏப்ரல், மே திங்களில் தலைநகர் தில்லியிலேயே பிராணவாயு உருளை கிட்டாமல் மாந்தர் மாண்டனர். மூச்சுவிடக் கற்காததாலா?

மூக்கைப் பிடித்துப் பயில நேரமற்ற மூச்சும் ஒன்றுண்டு. பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடைக் குழியில் மனிதனை இறக்கலாகாது என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். இறக்குகிறார்கள். உள்ளே தேங்கிய ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்திருந்தால், இரண்டொரு மூச்சில் நினைவிழந்து வீழ்கிறான். 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21-இல் பாய் விரித்து யோகா நாள் கொண்டாடும் அமைச்சர்கள், அவனை எந்த நாசியால் இழுத்து எந்த நாசியால் விடச் சொல்வார்கள்?