குழாய்க்குள் ஒளித்த கம்பி

திருகோணமலைச் சீனக்குடாவில் இரண்டாம் உலகப் போர்க்கால எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன. ஆயினும் 2022 எரிபொருள் நெருக்கடியில் அவ்வூர் மக்களும் துவிச்சக்கரவண்டியையே நாட நேர்ந்தது.

அதே ஆண்டு மார்ச்சில் சுலோவேனிய வீரர் மாதேய் மொகோரிச், மிலான்–சான்ரெமோ பந்தயத்தை வென்றார். விசையை அழுத்தினால் இருக்கை தாழும் தண்டு, இறுதி இறக்கத்தில் அவருக்குத் துணைநின்றது. அத்தண்டின் பயனை நான் மறுக்கவில்லை. அதன் கம்பியைச் சட்டக் குழாய்களுக்குள் மறைப்பதே முன்னேற்றம் என்று விற்பதைத்தான் மறுக்கிறேன்.

உட்கம்பி பொருத்துவது எளிதன்று. கைபிடியிலிருந்து கீழ்க்குழாய் வழியே மிதிஅச்சைக் கடந்து, இருக்கைக் குழாயில் மேலேற்றித் தண்டின் அடியில் இணைக்க வேண்டும். நீளம் சற்றுப் பிழைத்தாலும் வேலை கெடும். துறைமுகத்து உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்தால் பெரும்பாலும் தண்டையே உருவியாக வேண்டும். துளையில்லாப் பழைய சட்டத்தில் துளையிடுவதோ, அதன் வலிமையைக் குலைப்பதாகும்.

வெளிக்கம்பியும் இருக்கையைத் தாழ்த்தும்; பழுதைக் கண்ணுக்குக் காட்டும்; தெருவோரத் திருத்துநர் கையாலேயே மாறும். வண்டியை நம்பிப் பிழைப்போருக்கு வேண்டியது எது? வழவழப்பான சட்டமா, மறுநாள் காலையில் ஓடும் வண்டியா?