நல்ல மகனைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்

பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் திருட்டிலோ போதைப் பழக்கத்திலோ சிக்கிவிட்டால், நம் மஹல்லாக்களில் உடனே ஒரு தீர்ப்பு வழங்கப்படுகிறது: "அண்ணனும் அதே வீட்டில்தானே வளர்ந்தான்? அவன் எவ்வளவு ஒழுக்கமாக இருக்கிறான்! வளர்ப்பில் குறையில்லை, இவன் பிறவிக் குணமே அப்படி." இத்தீர்ப்பு பெற்றோருக்கு ஆறுதல் தருகிறது, உறவினருக்கும் வசதியாக இருக்கிறது. ஆனால், இது நீதியான தீர்ப்பன்று.

ஒரே கூரையின்கீழ் வாழ்வதும் ஒரே சூழலில் வளர்வதும் ஒன்றல்ல. மூத்தவனின் பிள்ளைப் பருவத்தில் தந்தை வீட்டில் இருந்திருப்பார். இளையவனுக்கோ அவர் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்துபோகும் விருந்தாளி. ஒருவனுக்கு நல்லாசிரியர் வாய்த்திருப்பார்; மற்றவனுக்கு வகுப்பறையில் அவமானமே மிஞ்சியிருக்கும். நண்பர் வட்டமும் இருவருக்கும் வேறு வேறு.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் வில்லியம் ஹீலி, அகஸ்டா பிரானர் ஆகிய இருவரும் இதே கேள்வியை ஆராய்ந்து 1936இல் நூலாக வெளியிட்டனர். பாஸ்டன், நியூ ஹேவன், டெட்ராய்ட் நகரங்களில் குற்றச்செயலில் ஈடுபட்ட 105 சிறாரை, அவற்றில் ஈடுபடாத அவர்தம் உடன்பிறப்புகளுடன் ஒப்பிட்டனர். முன்னவருள் 91 விழுக்காட்டினர் கடும் மனக்குறையிலோ மனக்கொந்தளிப்பிலோ வாழ்ந்தவர்கள். தாம் அன்பு மறுக்கப்பட்டவர், ஒதுக்கப்பட்டவர் என்னும் உணர்வு அவர்களுள் பலரிடம் இருந்தது. அவர்களின் உடன்பிறப்புகளுள் அந்நிலையில் இருந்தோர் 13 விழுக்காட்டினரே. வீடு ஒன்றாயினும் அதனுள் அவர்கள் பெற்ற வாழ்வு ஒன்றன்று.

'பிள்ளைகளின் இயல்பே வேறுபடுகிறதே' என்பர். உண்மைதான், சில பிள்ளைகள் பிறப்பிலேயே துடுக்கானவர்கள். ஆனால், துடுக்கான பிள்ளைக்குத் தேவை கூடுதல் பொறுமை. நாம் கொடுப்பதோ கூடுதல் அடி. அடியுடன் ஒப்பீடும் சேர்கிறது. "அண்ணனைப் பார்" என்று நாளும் கேட்பவன் அண்ணனைப் போல் ஆவதில்லை. அந்த இடம் தனக்கில்லை என்று முடிவுசெய்து, தன்னை மதிக்கும் கூட்டத்தைத் தெருவில் தேடிக்கொள்கிறான்.

பஷீர் (ரலி) அவர்கள் தம் மக்களுள் நுஃமானுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பை வழங்கி, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கொடுத்தீரா என நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும் அந்த அநீதிக்குச் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் உள்ள இச்செய்தியை அறிவிப்பவர், அன்பளிப்பைப் பெற்ற அந்த நுஃமானேதான். பொருளில் வேண்டிய நீதி, பாராட்டிலும் பரிவிலும் வேண்டாமா?

அப்படியானால் தவறு செய்த சிறுவனுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. எடுத்த பொருளை அவன் திருப்பிக் கொடுக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால், அவனுடைய பொறுப்பு நம் பொறுப்பைத் தள்ளுபடி செய்துவிடாது.

பெற்றோர்களே! நல்ல மகனை உங்கள் வளர்ப்புக்குச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். அது அவனுக்கும் சுமை. தவறியவனின் அருகில் அமருங்கள். அவன் எங்கே செல்கிறான், யாருடன் பழகுகிறான், எதற்கு அஞ்சுகிறான் என்று கேளுங்கள். இந்த வீடு அவனுக்கு எப்படி இருந்தது என்பதை அவன் வாயால் கேட்ட பிறகு, தீர்ப்பைப் பற்றிப் பேசலாம்.