வெண்மணிக் கணக்கு இன்னும் தீரவில்லை

"அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. கொன்றவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். இன்னும் எதற்காக அந்தச் சாம்பலைக் கிளறுகிறீர்கள்? ஊர் ஒற்றுமையாக இருக்க வேண்டாமா?"

டிசம்பர் பிறந்தால் கீழத்தஞ்சையில் இந்தக் கேள்வி நம் காதில் விழுகிறது. கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளிலேயே சிலர் கேட்கிறார்கள். ஆகவே கோபப்படாமல் பதில் சொல்வது நம் கடமை.

நடந்தது என்ன? 1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய தஞ்சை ஜில்லா, இன்றைய நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வெண்மணிச் சேரி. அங்கே வாழ்ந்தவர்கள் பண்ணை வயல்களில் பாடுபட்ட தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்கள் கேட்டது அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதல். அவர்கள் செய்த "குற்றம்" சங்கம் வைத்தது, செங்கொடி ஏற்றியது. மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்துக்கொள்ளலாம். நெல்லை உற்பத்தி செய்கிறவன் மட்டும் சங்கம் வைக்கக் கூடாதாம்! துப்பாக்கியோடு வந்தார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும் ஒரு சிறு குடிசைக்குள் ஒண்டினார்கள். அந்தக் குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 உயிர்கள் வெந்து மடிந்தன.

நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் 1970-ல் மிராசுதார் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட எட்டுப் பேருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. அப்பீலில் சென்னை ஹைகோர்ட் அவர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய நிலக்காரர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்! ஏழை செய்திருப்பான், பணக்காரன் செய்திருக்க மாட்டான் என்ற நினைப்பு எத்தனை ஆழத்தில் வேரோடியிருக்கிறது பாருங்கள்.

அதே நாளில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவரும் கொல்லப்பட்டார். அதை நாம் மறைக்கவில்லை. அந்த உயிரும் உயிர்தான். அந்த வழக்கில் விவசாயத் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஓர் உயிருக்குத் தண்டனை கிடைத்தது. 44 உயிருக்குக் கிடைக்கவில்லை. தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

1980-ல் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். "கணக்கு தீர்ந்தது" என்று பலர் பெருமூச்சு விட்டார்கள். கோர்ட் கதவு அடைபட்ட இடத்தில் அந்த ஆத்திரம் எப்படிப் பிறந்தது என்பது நமக்குத் தெரியாதா? ஆயினும் ஒளிவுமறைவின்றிச் சொல்வோம்: அது நீதி அல்ல. ஒருவன் செத்தான், திட்டம் போட்டது யார், துப்பாக்கி கொடுத்தது யார், போலீஸ் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்விகளுக்கு அவனிடமிருந்து கிடைக்க வேண்டிய பதிலும் அவனோடு செத்தது. பழிவாங்குவது ஆளைத்தான் எடுக்கும். அவனை ஆட்டிவைத்த அமைப்பை எடுக்காது.

சரி, பழியும் வேண்டாம். மன்னித்து மறந்துவிடலாமே என்கிறார்கள். மன்னிக்கும் உரிமை யாருக்கு? பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான். சர்க்காருக்கும் இல்லை, ஊர்ப் பெரியவர்களுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. செய்தேன் என்று சொல்லாதவனை எப்படி மன்னிப்பது?

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். நிறவெறி ஆட்சி வீழ்ந்த பிறகு அங்கே உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் வைத்தார்கள். 1996 முதல் ஊர் ஊராக விசாரித்தார்கள். பாதிரியார் டுட்டு தலைமை தாங்கினார். செய்த கொடுமையை முழுதாகச் சபையில் ஒப்புக்கொண்டால்தான் பொதுமன்னிப்புக்கே வழி. மகனை இழந்த தாய் எதிரே உட்கார்ந்து கேட்டாள். வெண்மணியில் எந்த மிராசுதார் வந்து ஒப்புக்கொண்டார்? அங்கே நடந்ததும் முழுமையல்ல. தனியார் பெயரிலுள்ள விளைநிலத்தில் 72 சதவீதம் வெள்ளையர் கையில்தான் என்று 2017-ல் அந்நாட்டு அரசின் கணக்கே சொன்னது. உண்மை வந்தது, நிலம் வரவில்லை. பாதி நீதி.

கோர்ட் ஒருமுறை கைவிரித்தால் எல்லாம் முடிந்ததா? அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி பல்லாயிரம் பேரைக் காணாமல் போகச் செய்தது. பின்னால் வந்த சர்க்கார்கள் சட்டம் போட்டும் மன்னிப்பு வழங்கியும் குற்றவாளிகளைக் காப்பாற்றின. தாய்மார்கள் விடவில்லை. 1977-ல் தொடங்கி வியாழன்தோறும் சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். 2005-ல் அந்தச் சட்டங்களை உச்சநீதிமன்றமே தூக்கி எறிந்தது. சர்வாதிகாரி விடேலா 2013-ல் சிறையில் கிடந்து செத்தான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தர்மபுரி வாச்சாத்தி இருக்கிறதே! 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் தோழர்களும் சலிக்காமல் வழக்கு நடத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் 2011-ல் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 2023-ல் ஹைகோர்ட் அதை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னது. 31 வருஷம்! அந்தப் பெண்கள் "பழைய கதை" என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்குமா?

ஆகவே நீதி என்பது நான்கு கால் கட்டில். உண்மை ஊரறிய வெளிவர வேண்டும். குற்றவாளிக்குச் சட்டப்படி தண்டனை வேண்டும். இழந்தவர்களுக்கு ஈடு வேண்டும். இனி நடக்காதபடி வேரை வெட்ட வேண்டும். ஒரு கால் இல்லாவிட்டாலும் கட்டில் நிற்காது.

வெண்மணியில் தண்டனை என்ற கால் ஒடிந்துபோயிற்று. நாலாவது காலை ஓரளவேனும் ஊன்றியது கோர்ட் அல்ல, மக்கள் இயக்கம். 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970-ல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைந்தது. 1971-ல் குடியிருப்புச் சட்டம், குடிசை இருக்கும் மனையைக் குடியிருப்பவனுக்கே உரிமையாக்கியது. அதற்கு முன்பு வாய் திறந்தால், "என் மனையிலிருந்து குடிசையைப் பிரி" என்பான் மிராசுதார். காலடி மண் சொந்தமானால்தான் சாட்சிக் கூண்டில் ஏறுகிறவனுக்குக் குரல் வரும். ஆலைத் தொழிலாளிக்கு இது எளிதில் விளங்கும்: வேலைக்குப் பாதுகாப்பு இல்லாதவன் முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்வானா?

செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அன்றைக்குக் கண்டவர்களில் மிஞ்சியிருப்பவர்களின் வாக்குமூலத்தை அவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகளைக் காப்பாற்றும் சட்டம் காகிதத்தில் உறங்காமல் கிராமத்தில் நடக்க வேண்டும். மனைப்பட்டா இல்லாத குடும்பத்துக்குப் பட்டாவும், நிலமில்லாதவனுக்கு நிலமும் வேண்டும்.

ஊர் ஒற்றுமை வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. கணக்கை மூடி மறைத்து வருவது ஒற்றுமை அல்ல, வாயடைப்பு. கணக்கைத் தீர்த்து வரும் ஒற்றுமைதான் நிலைக்கும். அதைத்தான் வெண்மணியில் ஆண்டுதோறும் கூடிக் கேட்கிறோம். கேள்வி கேட்ட பிள்ளைகளே, இந்த டிசம்பர் 25-ல் நீங்களும் வாருங்கள்!