சினிமாப் பேச்சும் சீமைப் பரீட்சையும்

வேலைக்காகவும் மேல்படிப்புக்காகவும் வெளிநாடு போக விரும்பும் நமது வாலிபர்களும் பெண்களும் ஐ.இ.எல்.டி.எஸ். என்கின்ற ஒரு இங்கிலீஷ் பரீட்சைக்குப் பணம் கட்டி, இரவு பகலென்று பாராமல் பாடுபட்டு வருவது யாவரும் அறிந்த விஷயமேயாகும். பிரிட்டிஷ் கௌன்சிலும், ஐ.டி.பி. என்னும் ஆஸ்திரேலிய ஸ்தாபனமும், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த பரீட்சை இலாகாவும் கூட்டாக நடத்தும் இப்பரீட்சை 1989-ம் வருஷம் முதல் இந்தப் பெயரோடு நடந்து வருகிறது. இதில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று 4 பகுதிகள் உண்டு. முதல் மூன்றுக்கும் அஞ்சாதவர்கள் கூட பேச்சுப் பரீட்சை என்றால் நடுங்குகிறார்கள். அந்த நடுக்கத்தையே மூலதனமாக வைத்துக் கொண்டு சிலர் வியாபாரம் நடத்துகிறார்கள். இதைப் பற்றித்தான் இன்று நாம் சிறிது பேச வேண்டியிருக்கிறது.

பேச்சுப் பரீட்சை என்பது 11 முதல் 14 நிமிஷம் வரை ஒரு பரீட்சகரோடு பேசுவதுதான். முதல் 4, 5 நிமிஷம் ஊர், வேலை, பழக்கவழக்கம் ஆகியவை பற்றிக் கேட்பார். பிறகு ஒரு சீட்டைக் கொடுப்பார். அதில் கண்ட விஷயத்தைப் பற்றி யோசித்துக் குறிப்பெடுக்க 1 நிமிஷம். பிறகு 1 நிமிஷம் முதல் 2 நிமிஷம் வரை நாமாகவே பேச வேண்டும். கடைசி 4, 5 நிமிஷம் அந்த விஷயத்தை ஒட்டியே “ஏன்?”, “எப்படி?” என்று துருவிக் கேட்பார். அந்தச் சீட்டில் “உமக்குப் பிடித்த ஒரு சினிமாப் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லும்” என்றோ, “நீர் பார்த்த ஒரு டெலிவிஷன் நாடகத்தைப் பற்றிச் சொல்லும்” என்றோ வருவதுண்டு.

இதை ஏன் கேட்கிறார்கள்? நமது சினிமா ஞானத்தை அளந்து பார்க்கவா? இல்லவே இல்லை. அவர்கள் மார்க்குப் போடுவது 4 விஷயங்களுக்குத்தான். தடைப்படாமல் கோர்வையாகப் பேசுகிறோமா, சொற்கள் போதுமான அளவு இருக்கின்றனவா, இலக்கணம் சரியாயிருக்கிறதா, சொல்லுவது விளங்கும்படி உச்சரிக்கிறோமா என்பவைதாம் அவை. நாலுக்கும் சம மதிப்பு. எந்தப் படம், எந்த நடிகர் என்பதற்குக் கால் மார்க்குக் கூடக் கிடையாது. ஏழையோ, பணக்காரரோ, பட்டணத்தாரோ, பட்டிக்காட்டாரோ, யாரும் ஒரு சினிமாவாவது பார்த்திருப்பார்கள், அதைப் பற்றி ஒரு அபிப்பிராயமாவது வைத்திருப்பார்கள் என்பதால்தான் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது.

ஆனால் நமது மக்கள் செய்வது என்ன? நமக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் பெண். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு பெறுவதற்கு இப்பரீட்சையின் பேச்சுப் பகுதியில் 9-க்கு 7 வாங்க வேண்டும். அந்தப் பெண் நகையை அடகு வைத்து ஒரு பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குச் சினிமாப் பாத்திரம் என்ற தலைப்புக்கு ‘டைட்டானிக்’ படத்தின் கதாநாயகன் ஜாக்கைப் பற்றி ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணோ அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு மாதம் அதை உருப்போட்டார். பரீட்சையன்று அதே தலைப்பு வந்துவிட்டது. கடகடவென்று ஒப்பித்தார். பரீட்சகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவன் இடத்தில் நீர் இருந்தால் என்ன செய்திருப்பீர்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான்; வாய் அடைத்துப் போயிற்று. ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் வேலை பார்த்து, செத்துக் கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் தைரியம் சொன்ன அந்த வாய், பார்க்காத ஒரு படத்தின் முன்னே ஊமையாய் நின்றது. முடிவில் 5½ வந்தது. நகை இன்னமும் அடகுக் கடையில் இருக்கிறது.

இதில் யாரைக் குற்றம் சொல்லுவது? அர்த்தம் தெரியாமல் மந்திரத்தை ஓதினால் புண்ணியம் வரும் என்று நம்பின மனிதனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பார்க்காத படத்தைப் புகழ்ந்து, இல்லாத அபிப்பிராயத்தை ஒப்பித்தால் மார்க்கு வரும் என்று நம்புவது அதற்கு எந்த விதத்தில் குறைந்தது? பரீட்சை நடத்துகிறவர்களே அச்சிட்டு வெளியிட்டிருக்கும் தர அட்டவணையைப் படித்துப் பாருங்கள். மனப்பாடச் சொற்றொடர்கள் என்கின்ற பேச்சு அதில் வருவதெல்லாம் அடிமட்டத் தரங்களின் விவரத்தில்தானே ஒழிய, உயர்ந்த தரங்களில் அல்ல. விழுந்து விழுந்து உருப்போடுகிறவன் காசு கொடுத்துத் தன்னைக் கீழ்ப்படிக்குத் தள்ளிக் கொள்ளுகிறான் என்பதுதான் இதன் பொருள்.

இது தவிர இன்னொரு கூத்தும் நடக்கிறது. “இந்த மாதம் இன்னின்ன சீட்டுத்தான் வரும்” என்று பட்டியல் போட்டு விற்கிறார்கள். கிளி எடுக்கும் சீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். நூறு தலைப்பு எழுதி வைத்தால் ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். வந்த ஒன்றை ஊரெல்லாம் சொல்லுவார்கள். வராத தொண்ணூற்றெட்டைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். ஜோசியக்காரன் பிழைப்பதும் இந்தக் கணக்கில்தான்.

சில தோழர்கள், “எங்களுக்கு இங்கிலீஷ் குறைவு, நெட்டுருப் போடாமல் என்ன செய்வது? அதோடு, தமிழ்ப் படத்தைப் பற்றிச் சொன்னால் பரீட்சகருக்கு எப்படிப் புரியும்? கேவலமாக நினைக்க மாட்டாரா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். கேட்பவருக்குத் தெரியாத ஒன்றை அவருக்கு விளங்கும்படி சொல்லுவதுதானே பேச்சு? அவருக்கு ஏற்கனவே தெரிந்த கதையை அவரிடமே திருப்பிச் சொல்லுவதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறது? தெரியாத படமாயிருப்பது நமக்கு இடைஞ்சல் அல்ல. அதுதான் நமக்குச் சௌகரியம்.

உதாரணத்துக்கு, 1954-ல் வந்த ‘ரத்தக்கண்ணீர்’ படத்தை எடுத்துக் கொள்ளுவோம். எம்.ஆர். ராதா நடித்த மோகனசுந்தரம் என்ற பாத்திரத்தை அறியாத தமிழர் குறைவு. “இவன் வெளிநாட்டில் படித்தான். அறிவு வந்ததாக நினைத்தான். வந்தது அகம்பாவம். தாயை மதிக்கவில்லை, மனைவியை ஒதுக்கினான். தாசி வீட்டில் சொத்தை அழித்தான். குஷ்டரோகம் வந்த பிறகுதான் தன்னைத் தானே பார்த்தான். கடைசியில் தன் மனைவிக்குத் தானே மறுமணம் செய்து வைத்தான்.” இவ்வளவையும் இங்கிலீஷில் சொல்லப் பெரிய பண்டிதராக இருக்க வேண்டியதில்லை. இவை சிறு சிறு வாக்கியங்கள். பழகப் பழக அவற்றை ‘ஏனென்றால்’, ‘இருந்தபோதிலும்’ என்று ஒன்றோடொன்று இணைத்துப் பேச வரும். மேல் தரத்துக்கு அதுவும் வேண்டும்தான்.

அதற்கு மேல் நமது சொந்தப் புத்தியையும் காட்டலாம். “அவனுடைய கிண்டல் எனக்குப் பிடிக்கும். ஆனால் செய்த பாவத்துக்குத் தண்டனையாக அந்த ரோகம் வந்தது என்று படம் காட்டுவதை நான் ஒப்புக் கொள்ளவில்லை. அது ஒரு கிருமியினால் வருவது. 1873-லேயே நார்வே தேசத்து டாக்டர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்து விட்டார். இன்று மருந்தினால் முழுக்கக் குணமாகிறது” என்று அந்த நர்ஸ் பெண் சொல்லியிருந்தால் எப்படியிருந்திருக்கும்! பரீட்சகர் எத்தனை “ஏன்” கேட்டாலும் அவருக்குப் பதில் இருந்திருக்கும். ஏனென்றால் அது அவருடைய தொழில், அவருடைய அனுபவம், அவருடைய அபிப்பிராயம்.

டெலிவிஷன் நாடகமும் அப்படியே. சன் டி.வி.யில் 2002 முதல் 2005 வரை நடந்த ‘மெட்டி ஒலி’யை நமது வீடுகளில் பார்க்காதவர்கள் கொஞ்சம். 5 பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனார் அவர்களுடைய கலியாணத்துக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் நடுவில் படும் பாடுதான் அந்தக் கதை. “பெண்ணைப் பெற்றவன் எதற்காக மற்றவனிடம் கைகட்டி நிற்க வேண்டும்? இதைப் பார்த்து அழுத ஜனங்கள் அடுத்த நாள் தங்கள் மருமகளை எப்படி நடத்தினார்கள்?” என்று நமக்கு நாமே கேட்டுப் பார்த்தால், “நாடகங்கள் மக்களைத் திருத்துகின்றனவா?” என்று பரீட்சகர் கேட்கும்போது திகைக்க வேண்டியிராது. படம் பார்ப்பது மாத்திரம் போதாது. பார்த்ததை நிறுத்து விலை போடத் தெரிய வேண்டும். அப்படி விலை போட்டவனுக்குப் பேச விஷயம் பஞ்சமாகாது.

நாம் இங்கிலீஷ் படங்களைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. ‘டைட்டானிக்’ படத்தை உண்மையில் பார்த்து ரசித்தவர்கள் அதைப் பற்றியே தாராளமாய்ப் பேசட்டும். உச்சரிப்பைப் பழகுவதற்கு அப்படங்கள் உதவவும் செய்யும். ஆனால் மூக்கால் பேசினால்தான் இங்கிலீஷ் என்று எண்ணிக் கொண்டு, வெள்ளைக்காரனைப் போல் நாக்கைச் சுழற்றுவது வீண் வேலை. அந்த அட்டவணை கேட்பது விளங்குகிறதா என்பதைத்தான். எந்த ஊர் வாடை அடிக்கிறது என்பதை அல்ல.

பரீட்சை நடத்துகிறவர்கள் மாத்திரம் யோக்கியர்கள் என்றும் நாம் சொல்ல வரவில்லை. முடிவு வந்த 2 வருஷத்துக்குப் பிறகு அந்தச் சீட்டுச் செல்லாதென்று சொல்லித் திரும்பவும் பணம் கட்டச் சொல்லுகிறார்கள். இங்கிலீஷிலேயே வேலை பார்த்து வருகிறவருக்கு 2 வருஷத்தில் இங்கிலீஷ் மறந்து போகுமா என்று நாம் கேட்கிறோம். தவிரவும், 14 நிமிஷப் பேச்சைக் கொண்டு ஒரு மனிதனின் யோக்கியதை முழுவதையும் அளந்துவிட முடியாது. குறைந்த மார்க்கு வாங்கியவர் தலை குனிய வேண்டியதில்லை. ஆனால் இவையெல்லாம் அந்தப் பரீட்சையை எதிர்த்துக் கேட்க வேண்டிய கேள்விகளே தவிர, நாம் கிளிப்பிள்ளையாவதற்குச் சமாதானம் ஆகமாட்டா.

ஆகவே, பரீட்சைக்குப் போகும் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். அச்சடித்த பதிலைத் தூர வையுங்கள். தினம் ஒரு சினேகிதரை எதிரில் உட்கார வைத்துக் கொண்டு, நீங்கள் பார்த்த ஒரு படத்தையோ நாடகத்தையோ கடிகாரத்தைப் பார்த்து 2 நிமிஷம் இங்கிலீஷில் சொல்லுங்கள். பிழை வரட்டும், வந்த பிழையைக் குறித்துத் திருத்திக் கொள்ளுங்கள். சொல்லி முடித்ததும் சினேகிதர் 3 தடவை “ஏன்?” என்று கேட்கட்டும். அந்த மூன்றுக்கும் உங்கள் சொந்தப் புத்தியில் இருந்து பதில் வருமானால், எந்தச் சீட்டு வந்தாலும் கவலையில்லை. அன்னிய பாஷையைக் கடன் வாங்கிப் பேசுவதில் குற்றமில்லை; அபிப்பிராயத்தையும் கடன் வாங்கிப் பேசுவதுதான் மானக்கேடு என்பதை நமது வாலிபர்கள் உணர வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம்.