ஆசிரியர் உரை: ஜி.எஸ்.டி. சாலை ஸ்டார்ட்அப்களின் முதல் வாடிக்கையாளர்

குரோம்பேட்டையிலிருந்து காட்டாங்கொளத்தூர் வரை, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஒரு பல்கலைக்கழக நகரமே நீளவாக்கில் வளர்ந்திருக்கிறது. குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி.; கிழக்குத் தாம்பரத்தில், 1937-இல் நகரின் மையத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி; வண்டலூரில் 1984-இல் தொடங்கிய கிரசன்ட்; காட்டாங்கொளத்தூரில் 1985-இல் தொடங்கிய எஸ்.ஆர்.எம். இந்த வரிசையின் நடுவில் இருக்கிறது பீர்க்கன்கரணை. ஓர் ஏரியின் பெயரோடு அறியப்படும் இந்தப் பேரூராட்சி 2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டது. பெருங்களத்தூரில் ரயில் ஏறி இரு திசையிலும் கல்லூரிக்கும் கம்பெனிக்கும் போகிறவர்கள் குடியிருக்கும் பகுதி இது. மாணவர், ஆய்வகம், அலுவலகம் எல்லாம் இந்தச் சாலையில் உண்டு. ஆய்வகத்தில் பிறந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் ஏற்பாடுதான் இன்னும் வலுப்பெறவில்லை.

தொழில் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்கள் வெளிவந்தன. 1980-களின் இறுதியில் உற்பத்தி நின்றது. அந்த நிலத்தில் இன்று ஐ.டி. வளாகம் நிற்கிறது. தாம்பரத்தில் 1984-இல் அமைந்த மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் தலைமுறைகளுக்கு வேலை கொடுத்தது. ஆனால் ஹெரால்டின் வடிவமைப்பு பிரிட்டனிலிருந்து வந்தது. மெப்ஸின் சரக்குக்கு வெளிநாட்டு ஆர்டர்தான் ஆதாரம். பக்கத்துக் கல்லூரிகள் ஆள் அனுப்பின. அவற்றின் ஆய்வகத்துக்கும் இந்தத் தொழில்களுக்கும் பெரிய கொடுக்கல் வாங்கல் ஏற்படவில்லை.

அந்தக் கொடுக்கல் வாங்கலை விதியாகவே எழுதிவைத்த இடம் தரமணி. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சக பேராசிரியர்களும் 1990-களில் நடத்திய டெனெட் குழு, கம்பி இழுக்காமல் தொலைபேசி இணைப்புத் தரும் கார்டெக்ட் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. மைதாஸ் போன்ற நிறுவனங்கள் அதைச் சந்தைக்குக் கொண்டுபோயின. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 2010-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்கா திறந்தது. பல்கலைக்கழகம் சார்ந்த ஆராய்ச்சிப் பூங்காக்களில் இந்தியாவில் இதுவே முதலாவது. 1951-இல் ஸ்டான்ஃபோர்டு தொடங்கிவைத்த வழி இங்கே வந்துசேர ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.

பூங்காவில் இடம் பிடிக்கும் நிறுவனம் வாடகை கட்டினால் மட்டும் போதாது. பேராசிரியரோடு கூட்டு ஆய்வு, மாணவருக்குப் பயிற்சி, பகுதிநேர வேலை என ஐ.ஐ.டி.யோடு வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு தொடர்புக்கும் கிரெடிட் உண்டு. குறிப்பிட்ட அளவு கிரெடிட்டைச் சேர்த்தாக வேண்டும். கல்லூரிக்கும் கம்பெனிக்கும் நடுவே ஒரு சாலைதான் இருக்கிறது என்பதற்காக ஒருவரும் அதைத் தானாகக் கடந்துவிடுவதில்லை என்று தெரிந்து செய்த ஏற்பாடு இது. கல்லூரிகளில் இன்குபேட்டர் நடத்துகிறவர்கள் தரமணியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் கண்ணாடிக் கட்டடமல்ல, இந்த விதி.

இரண்டாவது பாடம் பொறுமை. ராக்கெட் நிறுவனமான அக்னிகுல் காஸ்மாஸ் 2017-இல் தொடங்கியது. ஒரே துண்டாக 3டி அச்சில் உருவாக்கிய எஞ்சினோடு அதன் சோதனை ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது 2024 மே 30 அன்று. அதற்கு முன் பலமுறை கடைசி நேரத்தில் தள்ளிப்போனது. ஏழு ஆண்டுகள். இடையில், 2022-இல், அந்த எஞ்சின்களை அச்சிடும் தொழிற்கூடம் ஆராய்ச்சிப் பூங்காவுக்குள்ளேயே திறந்தது. மென்பொருளுக்குப் பொருந்தும் ஓரிரு வருட இன்குபேஷன் கெடு இப்படிப்பட்ட பொருளுக்குப் பொருந்தாது. ஐ.ஐ.டி. பட்டதாரிகள் இருவர் 2013-இல் தொடங்கிய ஏதர் எனர்ஜி இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. சென்னையில் இன்குபேட் ஆன அந்த நிறுவனம் பெங்களூருவுக்கு இடம் மாறியது. அதன் மின்சார ஸ்கூட்டர் தயாராவது ஓசூரில். வளர்த்துவிட்ட ஊரிலேயே நிறுவனம் தங்கிவிடும் என்று எந்த இன்குபேட்டரும் கணக்குப் போட முடியாது.

பல்கலைக்கழகத்தை நம்பாத வழியும் இதே தென்பகுதியில் உண்டு. ஸ்ரீதர் வேம்பு 1996-இல் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய மென்பொருள் நிறுவனம் பின்னர் ஜோஹோ ஆனது. கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில் அதன் பெரிய வளாகம் இருக்கிறது. வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்த அந்த நிறுவனம், 2005 முதல் பிளஸ் டூவும் டிப்ளமாவும் முடித்தவர்களை எடுத்துத் தானே பயிற்சி கொடுத்து வருகிறது. அங்கே பல ஆண்டுகள் வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் ஷான் கிருஷ்ணசாமியோடு தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. பங்கு வைத்திருந்த ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அடுத்த நிறுவனத்தைத் தொடங்குகிறவர்களும் அதற்குப் பணம் போடுகிறவர்களும் இப்படி நிறுவனத்துக்குள்ளிருந்தும் வருகிறார்கள். ஜி.எஸ்.டி. சாலையின் கல்லூரி இன்குபேட்டர்கள் மாணவர்களோடு நின்றுவிடக் கூடாது. பத்து வருடம் ஒரு துறையில் வேலை பார்த்த, பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் பொறியாளருக்கும் ஒரு மேசை போட வேண்டும்.

மூன்றாவதும் முக்கியமானதும் வாடிக்கையாளர். சோலினாஸ் என்ற ஐ.ஐ.டி. ஸ்டார்ட்அப்பின் ஹோமோசெப் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். செப்டிக் டேங்கின் மேல்நீரை உறிஞ்சிவிடலாம். அடியில் இறுகிப்போன கசடை எடுக்கத்தான் ஆள் இறங்குகிறார், விஷவாயு தாக்கிச் சாகிறார். ஹோமோசெப்பின் கத்திகள் மடங்கிய நிலையில் வாய் வழியாக உள்ளே போய், கவிழ்த்த குடை போல விரிந்து, சுழன்று கசடைக் கரைக்கின்றன. கரைந்ததைக் குழாய் உறிஞ்சுகிறது. 2022-இல் முதல் இயந்திரங்கள், இந்த வேலையில் கணவரை இழந்த பெண்கள் நடத்தும் சுய உதவிக் குழுக்களுக்குத் தரப்பட்டன. ஆய்வகத்தில் தொடங்கிய பொருள், அதை யார் ஓட்டுவார், யார் வாடகை தருவார் என்ற கேள்விக்கும் பதில் தேடியதால்தான் தெருவுக்கு வந்தது.

தாம்பரம் மாநகராட்சியில் இப்படிப்பட்ட பிரச்சினைகளுக்குக் குறைவில்லை. கழிவுநீர் லாரியை நம்பியிருக்கும் தெருக்கள் இன்னும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் சுற்றுப்புறத்தையும் மூழ்கடித்தது. ஏரிகளின் நீர்மட்டமும் கலங்கல்களில் வழிவதும் மழைக்காலத்தில் மணிக்கொரு தரம் தெரிய வேண்டியவை. தமிழ்நாடு அரசும் ஒரு கதவைத் திறந்திருக்கிறது: அரசுத் துறைகள் ஸ்டார்ட்அப்களிடமிருந்து 50 லட்சம் ரூபாய் வரை டெண்டர் இல்லாமல் நேரடியாக வாங்க 2022-இல் வழி செய்யப்பட்டது. அந்தக் கதவு வழியே போகச் சோதித்துப் பார்த்த பொருளும், அதைக் கையாளத் தெரிந்த பொறியாளரும் தேவை.

இன்குபேட்டர் பொறுப்பாளர்கள் செய்ய வேண்டியதை மூன்றாகச் சுருக்கலாம். ஒன்று, காப்புரிமை யாருக்கு, பேராசிரியர் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கலாம், நிறுவனம் கல்லூரிக்கு என்ன திருப்பித் தரும் என்பவற்றை நிறுவனம் பதிவாகும் முன்பே எழுத்தில் வைப்பது. இரண்டு, வன்பொருள் நிறுவனங்களுக்குத் தனிக் கெடு வகுத்து, முன்மாதிரிக்கும் முதல் நூறு உருப்படிகளுக்கும் நடுவில் உள்ள காலத்துக்குக் கருவியும் இடமும் தருவது. மூன்று, ஒவ்வோர் ஆண்டும் மாநகராட்சிப் பொறியாளர்களோடு உட்கார்ந்து ஐந்து பிரச்சினைகளைப் பட்டியலிட்டு, தீர்வு வந்தால் எந்த வார்டில் சோதனை, யார் பணம் தருவது என்று முன்கூட்டியே முடிவு செய்வது. ஆண்டறிக்கையில் பதிவான ஸ்டார்ட்அப்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், பணம் கொடுத்து வாங்கிய முதல் வாடிக்கையாளர் எத்தனை நிறுவனங்களுக்குக் கிடைத்தார் என்ற எண்ணையும் அச்சிட வேண்டும்.